முகாமின் மொழியும் நமது விமர்சனமும்

பெஹ்ரூஸ் பூச்சானியின் ‘மலைகளைத் தவிர நண்பன் இல்லை’ புத்தகத்தைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழுந்தால் இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒரு கட்சி சொல்கிறது: இது ஒரு பத்திரிகைக்காரனின் ஆவணம், மனிதாபிமானம் உள்ளவர்கள் படிக்க வேண்டியது, ஆனால் இலக்கியமாகப் பேச இதில் ஒன்றும் இல்லை. இன்னொரு கட்சி சொல்கிறது: இவ்வளவு பெரிய துன்பத்தின் முன்னால் உருவம், நடை என்று பேசுவது இரக்கமற்ற காரியம், கைகூப்பிவிட்டு நகர வேண்டியதுதான். முதல் கட்சி தன்னைக் கலை என்று அழைத்துக்கொள்கிறது. இரண்டாவது தன்னை முற்போக்கு என்று. ஒன்றுக்கொன்று பரம விரோதம் என்ற நினைப்பு வேறு. செய்கிற காரியம் ஒன்றுதான்: புத்தகத்தைப் படிக்காமல் தப்பித்துக்கொள்வது.

இரு சாராரோடும் சண்டை போடவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆஸ்திரேலிய அரசு அகதிகளுக்குச் செய்த கொடுமை முதலில் மொழியில் செய்யப்பட்டது. கம்பிவேலி அதன் பிறகு வந்தது. அந்த மொழியைச் செய்தி மொழியால் உடைக்க முடியவில்லை என்பதைத் தொழில்முறைப் பத்திரிகையாளரான பூச்சானி தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார். சிருஷ்டி மொழிக்கு அவர் வந்தது அதனால்தான். எனவே இந்தப் புத்தகத்தின் அரசியல் அதன் உருவத்தில் இருக்கிறது. உருவத்தைப் பேச மறுக்கிறவன் அதன் அரசியலையும் பேசவில்லை.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சானி 1983ல் மேற்கு ஈரானின் இலாம் பகுதியில் பிறந்த குர்து இனத்தவர். ‘வெர்யா’ என்ற குர்து பத்திரிகையை நண்பர்களோடு சேர்ந்து நடத்தினார். 2013 பிப்ரவரியில் புரட்சிக் காவல் படை அதன் அலுவலகத்தில் புகுந்து 11 பேரைப் பிடித்துச் சென்றது. பூச்சானி அன்று டெஹ்ரானில் இருந்ததால் தப்பினார். மே மாதம் நாட்டை விட்டு வெளியேறி, இந்தோனேஷியா வழியாகப் படகில் ஆஸ்திரேலிய எல்லைக்கு ஜூலையில் வந்துசேர்ந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 19 அன்று, படகில் வரும் எவரும் இனி ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று பிரதமர் கெவின் ரட் அறிவித்திருந்தார். ஆகஸ்டில் பூச்சானி பப்புவா நியூகினியைச் சேர்ந்த மானுஸ் தீவு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய பெயர் எம்.இ.ஜி.45. ஆறு வருஷங்களுக்கு மேல் அந்தத் தீவில் இருந்தார். ஒளித்து வைத்திருந்த தொலைபேசியில் பாரசீக மொழியில் துண்டு துண்டாக எழுதி வாட்ஸாப் வழியே அனுப்பினார். மூனெஸ் மன்சூபி அவற்றைத் தொகுத்தார். ஓமித் தோஃபிகியான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2018ல் புத்தகம் வந்தது. 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தன் மிகப் பெரிய இலக்கியப் பரிசை, 100,000 டாலரை, அதற்குக் கொடுத்தது. பரிசளிப்பு மெல்போர்னில் நடந்தபோது எழுதியவர் மானுஸில் அடைபட்டுக் கிடந்தார். புத்தகத்தை உள்ளே விட்ட நாடு ஆளை விடவில்லை. 2019 நவம்பரில் ஓர் இலக்கிய விழாவுக்காக நியூஸிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு, 2020 ஜூலையில் அந்த நாடு அவருக்கு அடைக்கலம் தந்தது.

இது செய்தி. இதோடு நிறுத்திக்கொண்டால் நானும் முதல் கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

*

ஆஸ்திரேலியாவின் எல்லை கடலில் இருக்கிறது என்று பூகோளப் புத்தகம் சொல்லும். சட்டப் புத்தகம் வேறு சொல்கிறது. 1901ல், அந்நாடு ஒரே கூட்டாட்சியான அதே வருஷம், குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. வெள்ளையர் அல்லாதவர்களை வெளியே நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் நிறத்தைப் பற்றிச் சட்டம் வாயைத் திறக்கவில்லை. வருகிறவனுக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார். அவன் அதை எழுதிக்காட்ட வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். அதாவது, யார் தோற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு மொழியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்தத் தேர்வுக்கு மாட்டியவர்களில் ஒரு பத்திரிகையாளரும் உண்டு. பிராகைச் சேர்ந்த எகோன் எர்வின் கிஷ். யூதர், கம்யூனிஸ்ட், ஜெர்மன் மொழியில் எழுதியவர், ஹிட்லர் ஆட்சியின் சிறையைப் பார்த்தவர். 1934ல் யுத்த எதிர்ப்பு மகாநாட்டில் பேச மெல்போர்னுக்குக் கப்பலில் வந்தார். இறங்கக் கூடாது என்றார்கள். கப்பலிலிருந்து துறைமுக மேடையில் குதித்தார். கால் முறிந்தது. பிறகு சிட்னியில் அவருக்குத் தேர்வு வைத்தார்கள். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவரைத் தோற்கடிக்க வேண்டுமே! ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியைக் கண்டுபிடித்தார்கள். கிஷ் தோற்றார். தண்டிக்கப்பட்டார். அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் அர்த்தத்தில் கேலிக் ஐரோப்பிய மொழி ஆகாது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. தேர்வு ரத்தாகவில்லை. அது ஒழிந்தது 1958ல்தான்.

இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மொழியை எழுத்தாளனின் ஆயுதம் என்று மேடையில் பேசுகிறோம். அந்த ஆயுதத்தை நம்மைவிட நன்றாகக் கையாளத் தெரிந்தவன் குடியேற்ற அதிகாரி. அகதியின் மீது அது முதலில் பாய்கிறது.

2001க்கு வருவோம். ஆகஸ்டில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 433 பேரைக் காப்பாற்றிய ‘டம்பா’ என்ற நார்வே சரக்குக் கப்பலை ஆஸ்திரேலியக் கரைக்கு வராமல் ராணுவத்தை அனுப்பித் தடுத்தார்கள். அக்டோபரில், தேர்தல் நேரத்தில், படகில் வந்தவர்கள் தங்கள் குழந்தைகளையே கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் அறிவித்தார்கள். நிரூபணமாகப் புகைப்படங்களும் வெளியாயின. குழந்தைகளை யாரும் வீசவில்லை. படகு மறுநாள் மூழ்கியபோது தண்ணீரில் தத்தளித்தவர்களின் படங்கள் அவை. அடுத்த வருஷம் செனட் விசாரணை இதை வெளிக்கொண்டுவந்தது. அதற்குள் தேர்தல் முடிந்து, ஆட்சியும் தொடர்ந்துகொண்டிருந்தது. புகைப்படம் பொய் சொல்லவில்லை. படத்தின் கீழே இருந்த வாக்கியம் பொய் சொன்னது.

2013 இன்னும் நுட்பமானது. அதுவரை தடுப்பு முகாம்களில் இருந்தவர்களைக் குடியேற்ற இலாகா தன் காகிதங்களில் எப்படிக் குறிப்பிட்டது தெரியுமா? வாடிக்கையாளர்கள். அந்த வருஷ அக்டோபரில் புதிய அமைச்சர் ஸ்காட் மாரிசன், அது வேண்டாம், ‘சட்டவிரோதமாக வந்தவர்கள்’, ‘காவலில் உள்ளவர்கள்’ என்று சொல்ல வேண்டும் என உத்தரவிட்டார். அடைக்கலம் கேட்டு வருவது குற்றம் ஆகாது. 1951 அகதிகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு அது. சட்டத்தை மாற்றும் சிரமம் எதற்கு? சொல்லை மாற்றினால் போயிற்று. கடலில் நடப்பதைப் பற்றிக் கேட்டால் ‘நீர்மேல் விவகாரம்’, அதைப் பற்றிப் பேசுவதற்கில்லை என்று பதில். மானுஸில் இருந்தது சிறை அல்ல, ‘பிராந்தியப் பரிசீலனை மையம்’. அதில் இருந்தவர்கள் கைதிகள் அல்லர், ‘மாற்றி அனுப்பப்பட்டவர்கள்’. சாமான்களுக்குப் போடுகிற சொல்.

நான் வங்கியில் குமாஸ்தா. பகல் முழுவதும் இம்மாதிரிச் சொற்களோடு புழங்குகிறவன். கடன் வாங்கி நொடித்துப்போன குடும்பம் எங்கள் ஏட்டில் ‘செயல்படாச் சொத்து’. செத்துப்போனவர் வீட்டுக்குத் தெரியாமல் போட்டுவைத்த பணம் ‘கோரப்படாத வைப்பு’. இவை பொய்கள் அல்ல. யாரையும் திட்டவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனின் கை நடுங்காமல் இருக்க இந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன. எதிரே நிற்கிற கிழவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, படிவத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லிலேயே அவ்வளவு வேலை நடக்கிறது என்றால், ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்ற சொல் எத்தனை கைகளை நடுங்காமல் வைத்திருக்கும்!

வெறுப்பு என்றால் நாம் தெருவில் நின்று கத்துகிறவனை மட்டும் நினைக்கிறோம். 1996ல் பாலின் ஹான்சன் தன் முதல் பாராளுமன்றப் பேச்சில், ஆசியர்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடும் அபாயம் இருப்பதாக முழங்கினார். இது சூடான வெறுப்பு. கண்ணுக்குத் தெரிவது. கண்டிக்கவும் எளிது. இன்னொன்று குளிர்ந்த வெறுப்பு. அதற்குக் குரல் உயராது. அது பயத்தைப் படிவமாக அச்சடித்துத் தருகிறது. அந்தப் படிவத்தை நிரப்புகிறவனுக்கு யார் மீதும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மானுஸை நடத்தியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

*

பத்திரிகைகள் என்ன செய்தன என்ற கேள்வி நியாயமானது. முதலில், அவற்றை உள்ளே விடவில்லை. இன்னொரு முகாம் இருந்த நௌரு தீவில் பத்திரிகையாளருக்கான விசாக் கட்டணம் 2014ல் 200 டாலரிலிருந்து 8,000 டாலராக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. 2015ல் வந்த எல்லைப் படைச் சட்டத்தின்படி முகாமில் வேலை பார்ப்பவர் உள்ளே கண்டதை வெளியே சொன்னால் இரண்டு வருஷம் சிறை. இந்தச் சுவருக்குள், எந்த விசாவும் இல்லாமல், ஒரு பத்திரிகையாளர் இருந்தார். அரசு தானே அவரைக் கொண்டுபோய் வைத்திருந்தது. முதலில் வேறு பெயரில் தகவல் அனுப்பினார். பிறகு சொந்தப் பெயரிலேயே எழுதினார்.

2014 பிப்ரவரியில் முகாமில் நடந்த தாக்குதலில் ஓர் ஈரானியக் குர்து இளைஞன் கொல்லப்பட்டான். அது முகாமுக்கு வெளியே நடந்தது என்றார் அமைச்சர். சில நாட்கள் கழித்து, உள்ளேதான் நடந்தது என்று திருத்தினார். அதே வருஷம் செப்டம்பரில் 24 வயது ஈரானியர் ஒருவர் காலில் வந்த தொற்று ரத்தத்தில் பரவி இறந்தார். தடுத்திருக்கக் கூடிய சாவு என்று 2018ல் விசாரணை சொன்னது. 2016 ஏப்ரலில், இப்படி அடைத்து வைப்பதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 அக்டோபர் 31 அன்று முகாமை மூடி, தண்ணீரையும் மின்சாரத்தையும் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். சுமார் 600 பேர் வெளியேற மறுத்து 23 நாட்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்த நாட்களில் பூச்சானி விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இவையெல்லாம் அச்சாயின. மக்கள் படித்தார்கள். மறுநாள் வேறு செய்தி வந்தது.

இது பத்திரிகைகளின் அயோக்யத்தனம் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. செய்தி என்ற உருவத்திலேயே கோளாறு இருக்கிறது. செய்திக்குச் சம்பவம் வேண்டும். கொலை நடந்தால் செய்தி, கலவரம் வந்தால் செய்தி. ஆனால் முகாமின் கொடுமை சம்பவம் இல்லாமல் இருப்பதில் இருக்கிறது. காலையில் வரிசை, மத்தியானம் வரிசை, மாத்திரைக்கு வரிசை, தொலைபேசிக்கு வரிசை, கக்கூஸுக்கு வரிசை. எதற்காக இருக்கிறோம், எத்தனை நாள் இருப்போம் என்பது தெரியாது. சாதாரணக் கைதிக்குத் தண்டனைக்காலம் என்று ஒன்று உண்டு, நாள்காட்டியில் கிழித்துக்கொண்டு வரலாம். இவர்களுக்கு அதுவும் இல்லை. ‘இன்றும் வரிசையில் நின்றார்கள்’ என்று எந்தப் பத்திரிகை தலைப்புப் போடும்?

இரண்டாவது, செய்திக்குப் பாதிக்கப்பட்டவன் வேண்டும். அவன் நல்லவனாக, பலவீனமாக, நன்றியுள்ளவனாக இருக்க வேண்டும். அந்த வேஷத்தைக் கட்டாத அகதி வாசகனின் அனுதாபத்தை இழப்பான். கட்டினால் மனிதனாக இருப்பதை இழப்பான். அரசு அவனை எண்ணாக்கியது என்றால் அனுதாபப் பத்திரிகை அவனைப் படமாக்கியது. பத்திரிகை மொழி அதிகாரத்தின் எல்லைக்குள்ளேயே சுற்றிவருகிறது, இந்த அமைப்பின் உள்ளைக் காட்ட இலக்கியத்தின் மொழி வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பூச்சானி பலமுறை பேசியிருக்கிறார். அவர் செய்தி எழுதுவதை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே தொலைபேசியில் இரண்டையும் எழுதினார். எது எதைச் செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

*

புத்தகம் செய்வதைப் பார்க்கலாம். முதலில் அது பெயர்களை மாற்றுகிறது. அரசு எண் கொடுத்திருக்கிறது. பூச்சானி எண்ணை நீக்கிச் சொந்தப் பெயரைத் திருப்பித் தருவார் என்று எதிர்பார்ப்போம். அவர் பட்டப்பெயர் வைக்கிறார். சாப்பாட்டு வரிசையில் எப்போதும் முதலில் நிற்கிறவன் ‘பசு’. கொல்லப்பட்ட இளைஞன் ‘சாதுவான ராட்சதன்’. ‘பிரதம மந்திரி’ என்று ஒருவன். ‘சிரிக்கும் வாலிபன்’ என்று ஒருவன். இது கதைக்காரனின் காரியம், கிராமத்தின் காரியம். எண் ஒரு மனிதனை மற்றவனோடு ஒன்றாக்குகிறது. சொந்தப் பெயர் அவனைக் கோப்பில் சேர்க்கிறது. பட்டப்பெயர் ஒருவன் கூடவே வாழ்ந்தவனால்தான் வைக்க முடியும்.

அடுத்தது, வரிசை. பக்கம் பக்கமாக வரிசையை விவரிக்கிறார். படிக்கிறவனுக்கு எரிச்சல் வருகிறது. வர வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். சாகக்கிடக்கும் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச, தன் முறை வருவதற்கு முன் தொலைபேசி கேட்கிறான் ஒருவன். விதியில் அதற்கு இடமில்லை. கீழே இருக்கிற காவலன் மேலே கேட்க வேண்டும் என்கிறான். மேலே இருக்கிறவன் அதற்கும் மேலே. இந்த ‘மேலே’வுக்கு முடிவே கிடையாது. பூச்சானி இதற்கு ‘ஆளும் அமைப்பு’ என்று ஒரு பெயர் வைத்துப் புத்தகம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெண்ணிய இறையியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவு கனமான சொல் தேவையா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அரசு கொடுத்த பெயரை ஏற்க மறுத்து, அடைபட்டிருப்பவனே அந்த இடத்துக்குப் பெயர் வைக்கிறான் என்ற காரியம் முக்கியமானது.

சௌக்கா விஷயம் இன்னும் கூர்மையானது. சௌக்கா மானுஸ் தீவில் மட்டும் உள்ள ஒரு பறவை. அத்தீவின் கொடியில் அது இருக்கிறது. அதன் குரலைக் கேட்டுத் தீவுக்காரர்கள் பொழுதைச் சொல்வார்கள். முகாமில் தனிமைச் சிறை ஒன்றைக் கட்டி அதற்குச் சௌக்கா என்று பெயர் வைத்தார்கள். மண்ணின் பெயரை எடுத்து மண்ணின் கொட்டடிக்கு வைத்தார்கள். பூச்சானி தொலைபேசியிலேயே ஒரு படம் எடுத்து, அரஷ் கமாலி சர்வெஸ்தானியோடு சேர்ந்து 2017ல் வெளியிட்டார். படத்தின் பெயர்: ‘சௌக்கா, நேரம் என்னவென்று எங்களுக்குச் சொல்’. காலமே பறிக்கப்பட்ட மனிதர்கள் பறவையிடம் மணி கேட்கிறார்கள். சொல்லின் மேல் நடந்த கொள்ளையைச் சொல்லாலேயே மீட்டுக்கொண்ட செயல் இது. படிமம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் வருஷக்கணக்காகக் கட்டுரை எழுதுகிறோமே, அதன் அர்த்தம் இதுதான்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்தவனாவேன். உரைநடை திடீரென்று கவிதையாக உடைகிற இடங்களில் பல வலுவற்றவை. உரைநடை இறுக்கிக் கட்டியதைக் கவிதை வரிகள் தளர்த்திவிடுகின்றன. மலை, தாய், குழந்தைப்பருவம் என்று வருகிற இடங்களில் பழகிப்போன ஏக்கம் தலைகாட்டுகிறது. சொல்கிறவன் மற்றவர்களைப் பார்த்து அருவருக்கிற இடங்கள் நேர்மையானவை. ஆனால் தன்னை எப்போதும் தனியே நின்று பார்க்கிறவனாக வைத்துக்கொள்வது சில இடங்களில் வசதியாக இருக்கிறது. இதையெல்லாம் சொல்வது அவருக்குச் செய்கிற அவமரியாதை இல்லை. எந்த எழுத்தாளனையும் படிப்பது போல அவரைப் படிக்கிறேன், அவ்வளவுதான். எம்.இ.ஜி.45 என்ற எண்ணுக்குக் குறை சொல்ல முடியாது. பெஹ்ரூஸ் பூச்சானி என்ற எழுத்தாளனுக்குச் சொல்லலாம்.

*

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள், நாகரிகம் கருதி. ஆனால் மனதில் நினைப்பார்கள். மானுஸில் தமிழர்களும் அடைபட்டிருந்தார்கள். அதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. 2014 ஜூனில், இந்தியாவில் இருந்த இலங்கைத் தமிழர் 157 பேர் புதுச்சேரியிலிருந்து ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். குழந்தைகள் மட்டும் 50 பேர். ஆஸ்திரேலியக் கப்பல் அவர்களைப் பிடித்து நடுக்கடலில் ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலுக்குள்ளேயே வைத்திருந்தது. அப்படி ஒரு படகு உண்டா என்ற கேள்விக்கு, நீதிமன்றத்தில் வழக்கு வரும்வரை, அரசு பதில் சொல்லவில்லை. நீர்மேல் விவகாரம் அல்லவா! பின்பு அவர்கள் நௌருவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 ஜனவரியில் அந்தக் காவல் சட்டப்படி சரியே என்று நான்கு நீதிபதிகளும் இல்லை என்று மூன்று நீதிபதிகளும் தீர்ப்புச் சொன்னார்கள்.

அவர்கள் ஏன் இங்கிருந்து போனார்கள் என்பது நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1983க்குப் பிறகு வந்தவர்களை முகாம் என்று ஒன்றில் வைத்தோம். மாலையில் திரும்பி வந்து ஆஜர் கொடுக்க வேண்டிய வாழ்க்கை. ‘சிறப்பு முகாம்’ என்று பூட்டிவைக்கும் இடமும் உண்டு. அதில் என்ன சிறப்பு என்று இந்த மொழியில் எழுதுகிற நாம் கேட்டோமா? இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் தரப்படவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, ‘அகதிகள் முகாம்’ என்பது இனி ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம், மறுக்கவில்லை. அறிவித்தவர்களின் எண்ணத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் அதிகமானவர்கள் இருந்த நேரத்தில், சொல் மாறியது, முகாம் என்ற பாதி மாறவில்லை. அந்தப் பாதியைப் பற்றி எந்தக் கவிஞரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பெயர் மாற்றத்தை வரவேற்றுத்தான் பேசினார்கள்.

நம்மிடம் இதற்கான எழுத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001லேயே, புகலிடம் கேட்கும் மனுவின் உருவத்தை நாவலுக்குள் கொண்டுவந்தது. அலுவலகம் கேட்கிற மொழியில் ஒருவன் தன் வாழ்க்கையைச் சொல்ல நேர்கிறபோது அந்த வாழ்க்கை என்ன ஆகிறது என்ற கேள்வியை அது எழுப்பியது. நாம் என்ன பேசினோம்? எழுதியவர் எந்த இயக்கத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று பேசினோம். இல்லாவிட்டால் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்று ஒரு தலைப்பைப் போட்டுச் சிறப்பிதழ் கொண்டுவந்தோம். அந்தத் தலைப்பே ஒரு முகாம். உள்ளே போகிறவர்களைத் தனியாக வைத்துப் பாராட்டலாம். பொது இலக்கியத்தோடு கலக்க வேண்டியதில்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பார்வையிட்டால் போதும்.

தூய கலைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். மொழியின் பிரக்ஞை, சொல்லின் பரிமாணம் என்று பேசுகிறீர்கள். ஒரு சொல்லால் 600 பேரை மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியும் என்கிறபோது, சொல்லைப் பற்றி இதைவிடத் தீவிரமான விஷயம் வேறென்ன? இதில் அக்கறை இல்லாத மொழிப் பிரக்ஞை வெறும் அலங்கார ஆசை.

முற்போக்குக்காரர்களிடமும் ஒன்று. உள்ளடக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்கிறீர்கள். அகதிகள் மீது இரக்கம் கொண்ட உங்கள் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். அலைகடல், கண்ணீர், தாய்மண், முள்வேலி. யாரைப் பற்றி எழுதினாலும் அதே நான்கு சொற்கள். ஆப்கானியன், குர்து, ரோஹிங்யா, ஈழத்தமிழன் எல்லோரும் அதில் ஒரே ஆள். இலாகாவின் படிவமும் இதைத்தான் செய்கிறது. அது குளிர்ச்சியாகச் செய்கிறது, நீங்கள் கண்ணீரோடு செய்கிறீர்கள்.

சிறுபத்திரிகையால் சட்டத்தை மாற்ற முடியாது. முந்நூறு பேர் படிக்கிற காகிதம் இது. அதன் வேலை சின்னது, ஆனால் வேறு யாரும் செய்யாதது: அதிகாரம் புழங்குகிற சொற்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது, அகதியாக வந்து எழுதுகிறவனை எழுத்தாளனாக மட்டும் நடத்துவது. அதாவது, அவன் எழுத்தைத் திருத்தலாம், திருப்பி அனுப்பலாம், கிழித்து விமர்சிக்கலாம், நன்றாக இருந்தால் முதல் பக்கத்தில் போடலாம். தனித்தலைப்பின் கீழ் அனுதாபத்தோடு அச்சிடுவதை மட்டும் நிறுத்த வேண்டும்.

மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமில் பிறந்து வளர்ந்து, முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதி இந்தப் பத்திரிகைக்கு வருகிற நாளில் அதை எந்த மேஜையில் வைக்கப்போகிறோம் என்பதை ஆசிரியரும் மற்றவர்களும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. என்னோடு உடன்படாதவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதட்டும்.